பொய்ப்புழுவும் பெருவாய் மீனும்

பெருவாய் பாஸ் தன் இரையைக் கவ்விக் கடிப்பதைவிட உறிஞ்சிக்கொள்வதே அதிகம். குஞ்சு மீனோ நண்டோ எட்டும் தூரத்துக்கு வந்ததும், கண் இமைப்பதற்குள் அதன் வாய்க்குழி விரிகிறது. உள்ளே அழுத்தம் சட்டென்று குறைய, வெளியிலுள்ள தண்ணீர் இரையையும் இழுத்துக்கொண்டு வாய்க்குள் பாய்கிறது. தண்ணீர் செவுள் வழியாக வெளியேறிவிடும். இரை உள்ளே தங்கிவிடும். இத்தனை விசை ஒரு மீன்தலைக்கு எங்கிருந்து கிடைக்கிறது? அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏரியல் கேம்ப், தாமஸ் ராபர்ட்ஸ், எலிசபெத் பிரெய்னர்ட் மூவரும் இந்த மீன் இரையெடுப்பதை எக்ஸ்ரே வீடியோவாகப் பதிவு செய்து கணக்கிட்டார்கள். 2015-ல் வெளியான அவர்களது முடிவு: உறிஞ்சும் ஆற்றலில் 95 சதவீதம் வரை, நீந்துவதற்கென்றே இருப்பதாக நாம் நினைக்கும் உடல் தசைகளிலிருந்து வருகிறது. தலைத் தசைகளின் பங்கு சொற்பம். முழு உடம்பையும் கொண்டு வாய் திறக்கும் மீன் இது.

உறிஞ்சத் தெரிந்த மீனுக்குத் துப்பவும் தெரியும். வாய்க்குள் போனது உணவல்ல என்று பட்டால் அதே வேகத்தில் வெளியே தள்ளிவிடும். கரையில் நிற்பவருக்குப் பல சமயம் எதுவுமே தெரியாது. தூண்டில் நரம்பு லேசாக ஒருபக்கம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். உறிஞ்சலுக்கும் துப்பலுக்கும் நடுவிலுள்ள அந்தக் குறுகிய இடைவெளியில் முள் பதிந்தாக வேண்டும். பாஸ் மீன்பிடிக் கருவிகளின் வரலாற்றில் பாதி இந்த இடைவெளியை நீட்டப் பார்த்த வரலாறு. மறுபாதி, அத்தனை பெரிய நீர்ப்பரப்பில் மீன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கப் பார்த்த வரலாறு.

இந்த பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நம் கடலோரச் சந்தைகளில் ஏற்றுமதிக்காரர்கள் ‘சீ பாஸ்’ என்று சொல்லும் கொடுவாவுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. பச்சை முதுகு, பக்கவாட்டில் கருங்கோடு, கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும் வாய்ப்பிளவு. ஒரு காலத்தில் அங்கே கனவான்களின் மீன் என்றால் டிரவுட்தான். 1881-ல் ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர் பாஸைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதி, தூண்டிலில் போராடுவதில் இதற்கு நிகரில்லை என்று வாதாடினார். இன்று அமெரிக்காவில் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் மிக அதிகமாகத் தேடிப்போகும் மீன்களில் இது முன்வரிசையில் நிற்கிறது.

முதலில் பொய்யிரை. தூண்டில்காரர் வழக்கில் லூர். 1949-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி, மனைவி கோஸ்மாவோடு சேர்ந்து வீட்டு அடுப்பில் வினைல் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றி மண்புழு செய்தார். அதுவரை லூர் என்றால் பெரும்பாலும் மரமும் தகடும். மரத்தை உறிஞ்சிய மீன் உடனே துப்பிவிடும். மெத்தென்ற புழுவை வாயில் கொஞ்சம் வைத்துப் பார்க்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் கிரீமின் கண்டுபிடிப்பு.

அந்தப் புழுவுக்கு வாழ்வு கொடுத்தவை அணைகள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கத் தெற்கில் நதிக்கு நதி அணை எழும்பியது. காடுகள் வெட்டப்படாமலே பல இடங்களில் தண்ணீருக்குள் போயின. மூழ்கிய மரங்களுக்கிடையே பாஸ் பெருகியது. அங்கே திறந்த முள்ளை வீசினால் மீனுக்கு முன்னால் மரக்கிளை மாட்டும். இதற்குப் பிறந்த விடைதான் ‘டெக்சஸ் ரிக்’. நரம்பில் தோட்டா வடிவ ஈயம், அதன் கீழே முள், முள்ளின் கூர்முனை திரும்பவும் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைந்திருக்கும். கிளைகளின் மேல் வழுக்கிக்கொண்டு வரும். மீன் வாயை மூடி, தூண்டில்காரர் வெட்டி இழுக்கும்போது மட்டும் முள் பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளியே வந்து தாடையில் ஏறும். எளிமையான ஏற்பாடு. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இதை வழக்கொழிக்க எதுவும் வரவில்லை.

மரமும் தோற்றுவிடவில்லை. டென்னசியின் ஓக் ரிட்ஜில் ஃபிரெட் யங் என்பவர் பால்சா மரத்தில் கையால் செதுக்கிய ‘பிக் ஓ’ என்ற குண்டு மீன், போட்டியாளர்கள் வாடகைக்கு வாங்கி வீசும் அளவுக்குப் பேர் பெற்றது. முகவாயில் துருத்தும் தட்டுதான் இந்த வகையின் சூட்சுமம். இழுக்க இழுக்க நீர் அந்தத் தட்டை அழுத்தி லூரை ஆழத்துக்குத் தள்ளும், இருபுறமும் உதறவும் வைக்கும். பாறையில் முட்டி விலகும் கணத்தில்தான் மீன் அடிப்பது அதிகம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள்; அதனால் வேண்டுமென்றே முட்டவிடுவார்கள். நீர்ப்பாசி மூடிய இடத்தில் இந்த வகை உதவாது. அங்கே உள்ளீடற்ற ரப்பர் தவளைதான். தமிழ்நாட்டுக் குளங்களில் விராலுக்குத் தவளை லூர் வீசுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது நிறம். அமெரிக்க மீன்பிடிக் கடைகளில் ஒரே புழு நாற்பது ஐம்பது நிறங்களில் தொங்கும். மீன் இதில் எதைப் பார்க்கிறது? இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லிசா மிச்சமும் சகாக்களும், குறிப்பிட்ட நிறத்தை நோக்கி வந்தால் தீனி என்று பாஸ் மீன்களைப் பழக்கிச் சோதித்தார்கள். நம் விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை; இந்த மீனுக்கு இரண்டே வகை, ஒன்று பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு. அந்த இரண்டு நிறங்களையும் அது துல்லியமாகப் பிரித்தறிந்தது. ஆனால் பளீரென்ற எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டது. நீலத்தையும் கறுப்பையும் குழப்பிக்கொண்டது. கறுப்பு-நீலம் கலந்த லூர் அங்கே விற்பனையில் சக்கைப்போடு போடும் சரக்கு. மீனுக்கு அது வெறும் கறுப்பாகவே தெரிந்திருக்கலாம். கலங்கிய நீரில் கறுப்பு உருவம் தெளிவாகத் தெரியும் என்பதால் லூர் வேலை செய்வது உண்மைதான். அந்த நீலம் மட்டும் பணம் கொடுப்பவரின் கண்ணுக்கு.

இனி வீசும் கருவி. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும் பல்சக்கர ரீல், அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற சிற்றூரில், ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரரின் கையில் உருவானது. கடிகாரத்தின் பல்சக்கரம் மீன்பிடிக்குக் குடிபெயர்ந்தது. இன்றைய ரீல்களில் இந்த விகிதம் 5-க்கு 1-லிருந்து 8-க்கு 1-ஐத் தாண்டியும் போகிறது. தட்டு வைத்த லூரை நிதானமாக இழுக்கக் குறைந்த விகிதம் நல்லது. புழுவுக்கு நேர்மாறு. அதை அசைப்பது தூண்டில் கோல்தான்; ரீலின் வேலை, மீன் எடுத்ததும் தளர்ந்த நரம்பை ஒரே மூச்சில் சுருட்டுவது.

இந்த ரீலுக்கு ஒரு பிறவி நோய் உண்டு. வீசிய லூர் காற்றின் தடையால் போகப்போக வேகம் குறையும். உருளையோ தான் பெற்ற சுழற்சியை விடாது. கிணற்றில் வாளி தண்ணீரைத் தொட்ட பிறகும் சுற்றிக்கொண்டே கயிற்றைக் கக்கும் ராட்டினத்தைப்போல, லூருக்குத் தேவையில்லாத நரம்பை அது வெளியே தள்ளும். ஒரு நொடியில் குருவிக்கூடு மாதிரி சிக்கு. பழைய ஆட்கள் கட்டைவிரலால் உருளையைத் தடவித் தடவிக் கட்டுப்படுத்தினார்கள். பிறகு காந்தம் வந்தது. உருளை அலுமினியம், காந்தம் அதை ஈர்க்காது. ஆனால் காந்தப்புலத்தில் சுழலும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது, அது தன்னைப் பிறப்பித்த இயக்கத்தையே எதிர்க்கிறது. பள்ளிப் பாடத்தில் வரும் லென்ஸ் விதி. வேகம் கூடினால் தடையும் கூடும், வேகம் அடங்கினால் தடையும் அடங்கும், உரசித் தேயும் பாகம் எதுவும் இல்லை. ஷிமானோ நிறுவனம் இன்னும் ஒரு படி போய், உருளையின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்து, பேட்டரி இல்லாமல் ஒரு மின்னணுச் சில்லை ஓட்டி, வீச்சு நடக்கும்போதே தடையைக் கூட்டிக் குறைக்கும் ரீல்களை விற்கிறது. அப்படியும் எதிர்க்காற்றில் வீசினால் சிக்கு விழத்தான் செய்கிறது.

நரம்பில் மூன்று சாதி. நைலானின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்று அதிகம், இழுத்தால் நன்றாக நீளும். பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிய ‘பிரெய்டு’ தண்ணீரைவிட லேசு, மிதக்கும், கிட்டத்தட்ட நீளவே நீளாது. ஃபுளூரோகார்பன் தண்ணீரைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தி, மூழ்கும். மீனுக்குத் தெரியாத நரம்பு என்று விற்கப்படுவது இந்த மூன்றாவது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கு மேல். ஆக நைலானைவிடக் குறைவாகத் தெரியும், தெரியாமலே போகாது. விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு அடர்த்தியைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். மிதக்கும் தவளைக்கு மிதக்கும் பிரெய்டு, அடியில் ஊரும் புழுவுக்கு மூழ்கும் ஃபுளூரோகார்பன். கோலும் இதே கணக்குத்தான். மும்முள் தொங்கும் லூருக்கு வளைந்து கொடுக்கும் கோல், இல்லையென்றால் மீன் துள்ளும்போது முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். புழுவுக்குள் புதைந்த முள்ளுக்கு நுனி மட்டும் வளையும் விறைத்த கோல், ஏனென்றால் அது முதலில் பிளாஸ்டிக்கைக் கிழிக்க வேண்டும், பிறகு தாடையை.

மீன் எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு முதல் விடை தண்ணீரின் வெப்பநிலை. வசந்தத்தில் நீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆண் பாஸ் கரையோரம் வந்து, வாலால் தரையைக் கூட்டி வட்டமாகக் கூடமைக்கிறது. பெண் முட்டையிட்டுப் போய்விடும். காவல் முழுக்க ஆணுக்கு. குஞ்சுகள் தேறும்வரை வாரக்கணக்கில் அது சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. இந்தக் காலத்தில் கூட்டுக்குள் விழும் லூரை அது அடிப்பது பசியால் அல்ல, விரட்டத்தான். பிடிப்பது மிகச் சுலபம், அதுதான் சிக்கல். ஆணைத் தூக்கிய சில நிமிடங்களில் புளூகில் போன்ற சிறு மீன்கள் கூட்டைச் சூறையாடிவிடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் ஜூன் பின்பாதி வரை பாஸ் பிடிக்கத் தடை இருப்பது இதனால்தான்.

கோடையில் ஏரி அடுக்கடுக்காகப் பிரிகிறது. மேலே லேசான வெந்நீர், கீழே கனத்த குளிர்நீர், நடுவே வெப்பநிலை திடீரென்று விழும் ஒரு மெல்லிய அடுக்கு. கீழ் நீர் காற்றைத் தொடுவதேயில்லை. அடியில் அழுகும் இலைதழை பல ஏரிகளில் அதன் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். அந்த அடுக்குக்குக் கீழே எத்தனை அருமையான பாறை இருந்தாலும் அங்கே லூர் இறக்குவது வீண்.

காற்றழுத்தமானியைப் பார்த்து மீன்பிடிக்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. புயல் நெருங்கும்போது அழுத்தம் 20 முதல் 30 ஹெக்டோபாஸ்கல் வரை குறையலாம். தண்ணீரில் மீன் முப்பது சென்டிமீட்டர் மேலே ஏறினாலே அதே மாற்றத்தை உணரும், ஒரு நாளில் அப்படிப் பலமுறை ஏறி இறங்கும். மேகமும் காற்றும் வெளிச்சத்தையும் அலையையும் மாற்றுகின்றன, அதில் வேட்டை சூடுபிடிக்கலாம். அழுத்தத்தையே காரணமாகச் சொல்வது இயற்பியலோடு ஒட்டவில்லை.

படகுகளின் கதை சுருக்கமானது. 1948-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மன் கட்டிய ‘ஸ்கீட்டர்’ பாஸுக்கென்றே வந்த முதல் படகாகச் சொல்லப்படுகிறது. 1968-ல் ஆர்கன்சாவின் ஃபிளிப்பின் ஊரில் ஃபாரஸ்ட் வுட் ‘ரேஞ்சர்’ நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றைய போட்டிப் படகு இருபது அடி கண்ணாடியிழை. பின்னால் 250 குதிரைத்திறன் எஞ்சின், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். முன்மேடையில் காலால் இயக்கும் சிறு மின்மோட்டார். பெரிய எஞ்சின் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டும். மீன் பிடிப்பது சத்தமில்லாத அந்தச் சிறு மோட்டாரில்தான். இப்போது அது செயற்கைக்கோள் வழியே தன் இடத்தை அறிந்து, காற்றடித்தாலும் நங்கூரம் இல்லாமல் படகை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கிறது.

படகைவிடப் பெரிய மாற்றம் ஒலியால் வந்தது. 1950-களின் பிற்பகுதியில் கார்ல் லோரன்ஸ், போர்க்கப்பல்களின் சோனாரைத் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு பச்சைப் பெட்டிக்குள் அடக்கிச் சாதாரண மீன்பிடிப்போருக்கு விற்றார். நன்னீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் ஓடும். பத்து மீட்டர் ஆழத்து மீனைத் தொட்டுத் திரும்ப ஒரு நொடியில் எழுபதில் ஒரு பங்குகூட ஆகாது. மீனின் சதை ஏறக்குறைய தண்ணீரைப் போலவே ஒலியை விட்டுவிடும். எதிரொலியில் பெரும்பங்கு அதன் காற்றுப்பையிலிருந்து வருகிறது. ஆகத் திரையில் தெரிவது மீனுக்குள் இருக்கும் காற்று. அந்த உருவம் வில்லாக வளைவதற்கும் காரணம் உண்டு: படகு நெருங்கும்போது தூரம் குறைந்து, கடந்ததும் கூடுகிறது. படகும் மீனும் அசையாமல் நின்றால் வில் வராது, நீண்ட கோடுதான் வரும். புதியவர்கள் பலர் அதை மரக்கிளை என்று நினைத்து நகர்ந்துவிடுகிறார்கள்.

2018-ல் கார்மின் நிறுவனத்தின் ‘லைவ்ஸ்கோப்’ வந்தது. படகுக்கு முன்னால் இருக்கும் நீரை நேரடிக் காட்சியாகக் காட்டும் சோனார் இது. லூர் இறங்குவதும், மீன் பின்தொடர்ந்து வருவதும், யோசித்துத் திரும்பிப் போவதும் திரையில் ஓடும். இருபது வயது இளைஞர்கள் போட்டிகளில் பழம்புலிகளைத் தோற்கடிக்கத் தொடங்கினார்கள். ஏரியைப் படிக்கும் நாற்பது வருட அனுபவத்தின் விலை சட்டென்று இறங்கியது. எதிர்ப்பு எழுந்தது, 2025-ல் முதன்மைப் போட்டித் தொடரொன்று இந்த உணர்கருவிகளுக்கும் திரை அளவுக்கும் வரம்பு கட்டியது.

இன்றைய போட்டிகளுக்கு வடிவம் கொடுத்தவர் அலபாமாவின் காப்பீட்டு விற்பனையாளர் ரே ஸ்காட். 1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரிக்கு 106 பேரை, தலைக்கு 100 டாலர் கட்டணத்தில் வரவழைத்தார். 1971-ல் தேர்ந்தெடுத்த 24 பேரை விமானத்தில் ஏற்றி, எந்த ஏரிக்குப் போகிறோம் என்பதை வானத்தில்தான் சொன்னார். அது நெவாடாவின் மீட் ஏரி. பரிசு 10,000 டாலர், வென்றவர் பாபி மர்ரி. ஓட்டுநர் தூக்கியெறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றைப் போட்டிகளில் கட்டாயமாக்கியவரும் ஸ்காட்தான். 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்க அரசு அதைச் சட்டமாக்கியது 2021-ல்தான். 1972-ல் அவர் கொண்டுவந்த விதியின்படி, எடை போட்ட மீனை உயிரோடு திரும்ப விட வேண்டும். காற்றூட்டிய நீர்த்தொட்டி படகின் நிரந்தர உறுப்பானது அதற்குப் பிறகு. ஆனால் 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். கோடைப் போட்டிகளில் விடப்பட்ட மீன்களில் கணிசமானவை பிழைக்காமல் போவதன் கணக்கு இங்கே தொடங்குகிறது.

பிழைத்தவையும் பழைய மீன்களாக இல்லை. இல்லினாயில் ரிட்ஜ் ஏரி என்ற சிறிய ஆய்வு ஏரி உண்டு. 1970-களின் நடுவிலிருந்து அங்கே முன்பதிவு செய்துதான் தூண்டில் போட முடியும். பிடித்த ஒவ்வொரு மீனும் அளக்கப்பட்டு, அடையாளமிடப்பட்டு, விடப்பட்டது. ஒரு மீன் ஒரே வருடத்தில் 16 முறை சிக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து ஏரியை வடித்தபோது கிடைத்த 1,700-க்கும் மேற்பட்ட பாஸ்களில் சுமார் 200 ஒருமுறைகூடச் சிக்காதவை. டேவிட் ஃபிலிப் தலைமையிலான குழு, அடிக்கடி சிக்கியவற்றைத் தனியாகவும் சிக்காதவற்றைத் தனியாகவும் மூன்று தலைமுறை இனப்பெருக்கம் செய்ய வைத்தது. 2009-ல் வெளியான முடிவின்படி, சிக்கும் சுபாவம் பரம்பரையாக வருகிறது. இரண்டு வம்சங்களும் தலைமுறைக்குத் தலைமுறை விலகின. முக்கியமாக, சிக்காத வம்சம் மேலும் சிக்காததாக ஆனது. இன்னொன்றும் தெரிந்தது. எளிதில் சிக்கும் ஆண்களே கூட்டை மூர்க்கமாகக் காப்பவை. தூண்டில் பொறுக்கி எடுப்பது நல்ல தகப்பன்களை.

எடுத்துக் கொன்றாலும் சரி, முட்டையிடும் பருவத்தில் கூட்டைவிட்டு அகற்றினாலும் சரி, இந்தத் தேர்வு நடக்கும். நாற்பது நிற லூர்களும் நேரடி சோனாரும் வந்தும் ஏரி கைக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சுலபமான மீன்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

இதே மீனை ஜப்பான் வேறு கண்ணால் பார்க்கிறது. 1925-ல் அகாபோஷி தெத்சுமா என்ற தொழிலதிபர் அதை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஆஷி ஏரியில் விட்டார். 1974-ல் நாட்டின் மிகப் பெரிய ஏரியான பிவாவில் அது தென்பட்டது, உள்ளூர் மீன்களைத் தின்று பெருகியது. 2003 முதல் பிவா இருக்கும் ஷிகா மாகாணத்தில் பிடித்த பாஸைத் திரும்ப விடுவது விதிமீறல். கரையோரத்தில் அதைப் போட்டுவிட்டுப் போகப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். ரே ஸ்காட் அமெரிக்கர்களுக்குப் பழக்கிய நாகரிகத்துக்கு அங்கே தடை.

2009 ஜூலை 2 அன்று அந்த பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த பாஸின் எடை 10.12 கிலோ. அதுவரையிலான உலக சாதனை, 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 10.09 கிலோ மீன். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் குரிதாவைப் பொய்யறியும் கருவியில்கூட உட்கார வைத்துச் சோதித்தது. மீன் உண்மைதான். ஆனால் பழைய சாதனையைக் குறைந்தது இரண்டு அவுன்ஸ் தாண்டினால்தான் முறியடிப்பு என்பது விதி; கூடியதோ ஒரு அவுன்ஸுக்கும் குறைவு. 2010 ஜனவரியில் இருவருக்கும் சமநிலை அறிவிக்கப்பட்டது. பெர்ரி வீசியது ஒரு மர லூர். குரிதா முள்ளில் கோத்திருந்தது உயிருள்ள புளூகில். அதுவும் அமெரிக்க மீன்தான்: 1960-ல் சிகாகோ நகர மேயர் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த சில மீன்களின் வம்சம் ஜப்பான் முழுக்கப் பரவியிருந்தது. பேரரசரான பிறகு, 2007-ல், அதற்காக அவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.